எலி கடித்த ஒயர்

அது பூபதியின் வண்டிதான். தலையைத் தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை, தூக்கவும் மாட்டேன். சங்ககிரி ரோட்டில் போகிற லாரி எது யாருடையது என்று ஹாரனை வைத்தே சொல்லிவிடுவான் பட்டறைக்காரன் சாமியப்பன் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி பொய், நானே கிளப்பிவிட்டது. ஆனாலும் பெண்டாட்டியின் தம்பி வண்டி தெரியாமல் போய்விடுமா. இரண்டு வருஷமாக என் பட்டறை வாசலை அவன் தாண்டும்போது மட்டும் கியரை மாற்றாமல், ஹாரன் அடிக்காமல், சாவு வீட்டைத் தாண்டுகிறவன் போல அடக்கமாகப் போவான். இன்றைக்கு என்ன வந்ததோ, எதிர்ச்சாரி நாச்சிமுத்துவின் டீக்கடையில் ஓரம் கட்டினான். இந்த ரோட்டில் டீக்கடைக்கா பஞ்சம். குடித்தான், ஏறினான், ஸ்டார்ட் செய்தான். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, புகை வந்ததே. கியர் போட்டிருப்பான், நின்றுவிட்டது. மறுபடியும் ஸ்டார்ட், மறுபடியும் புகை, மறுபடியும் நின்றது. நான் என் பாட்டுக்கு இந்த பிரேக் டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் அது எப்படி நிற்கிறது என்று மட்டும் காதில் விழவில்லை. கம்ப்ரசரை அணைத்தால் விழும். ஆனால் அணைத்தால் நான் காது கொடுக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஓடட்டும் கம்ப்ரசர்.

எப்படி நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கியர் போட்டால் வண்டி நிற்கிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நோயைச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். இல்லவே இல்லை. திணறி நிற்பது வேறு, சட்டென்று நிற்பது வேறு. பெடலை மிதித்தும் கிளட்ச் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், கியர் விழுந்ததும் மொத்த லோடும் இன்ஜின் தலையில் ஏறும். அது முக்கும், குலுங்கும், நாலு தரம் இருமிவிட்டு நிற்கும். அது திணறல். அப்படி இல்லாமல், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ சாவியைத் திருப்பிவிட்ட மாதிரி நின்றால், டீசல் வரவில்லை, இல்லையென்றால் கரண்ட் வரவில்லை. முதல் நோய்க்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். இதைக் கேட்டுச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆகாது. இந்தக் கையும் இந்தக் காதும் இதுவரை ஏமாந்தது கிடையாது, ஏமாந்திருந்தாலும் வெளியே தெரியாது. ஆனால் இப்போது கேட்க முடியாத இடத்தில் நானே என்னைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நாச்சிமுத்து தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி வருகிறான். அவன் வாயைத் திறப்பதற்குள், எப்படி நிற்குதுன்னு கேட்டுட்டு வா என்று டிரம்மைப் பார்த்துச் சொன்னேன். போனான். அங்கே இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். திரும்பி வந்து, மூச்சு முட்டி நிற்குதுங்களாம் என்றான்.

அப்பாடா என்றிருந்தது. திணறல்தான், கிளட்ச்தான். மனசுக்குள் லட்டு தின்ற மாதிரி இருந்ததை எதற்கு மறைக்க வேண்டும். கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் அவனுக்கு முதலிலிருந்தே உண்டு, பிளேட் தேயாமல் என்ன செய்யும். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, ரோட்டைப் பார்த்துச் சொன்னேன், கால் மடக்கித் தூங்க வீட்டில் கட்டில் இருக்குது, கிளட்ச் எதுக்கு என்று. அவன் என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, முன்சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான், என் கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்குது என்று. இப்படித்தான் ஆகிவிட்டது. சண்டை என்றால் கத்தித் தீர்த்துவிடலாம். இது பேச்சு இல்லாமல் போனது. பொங்கலுக்கு ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து, அவருக்கு ரசம் வேணுமான்னு கேளு, எனக்கு வேண்டாம்னு சொல்லு என்று என் பெண்டாட்டி கலாமணி இரண்டு பக்கமும் கரண்டியோடு நின்று தவித்தாள். கரண்டியால் இரண்டு பேர் மண்டையிலும் போட்டிருக்கலாம், பொறுமைசாலி. காரணம் என்னவென்று கேட்டால் வெளியே சிரிப்பார்கள். கியர்பாக்ஸ் வேலைக்கு அவன் வண்டியை பைபாஸில் வேறொரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான். ஆந்திராவிலிருந்து வருகிற வண்டியெல்லாம் என்னைத் தேடி இங்கே வந்து நிற்கிறது, என் மச்சினன் என்னைத் தாண்டி இன்னொருத்தன் வாசலில் போய் நிற்கிறான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் வந்து சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குக் காதெல்லாம் சுட்டது. அது இன்னும் ஆறவில்லை. கலாமணி அதற்கும் ஒன்று சொன்னாள். உங்ககிட்ட வந்தா வண்டியை விட அவனைத்தான் அதிகமாப் பிரிச்சுப் போடுறீங்க, அதான் போயிட்டான் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. பழுதைப் பழுது என்று சொல்லாமல் பாயசம் என்றா சொல்வார்கள்.

புதன்கிழமை என் மகள் கீர்த்திகாவுக்குக் கல்யாணம். டிரம்முக்குள் லைனிங்கைப் பொருத்திக்கொண்டே இதை நினைத்தால் ஸ்பேனர் வழுக்குகிறது. மண்டபம் பேசியாயிற்று, சமையல்காரர் பேசியாயிற்று, ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தாயிற்று, ஒரே ஒரு வீடு தவிர. நான் வரவில்லை, நீயும் புள்ளையும் போய் வைத்துவிட்டு வாருங்கள் என்று பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். கலாமணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பக்கூட இல்லை. நீங்க வராம நான் மட்டும் போய் வெச்சா அது அழைப்பு இல்லைங்க, தகவல் என்றாள். அன்றைக்கு அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழாமல், எல்லா வேலையும் ஒழுங்காகச் செய்துகொண்டு, எனக்கு வேளாவேளைக்குச் சோறும் போட்டுக்கொண்டு ஒரு மாதிரி நடமாடுகிறாள். அதுதான் பயமாக இருக்கிறது. மேடையில் பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமனைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் மண்டபம் முழுக்கத் தலை திரும்பும். அந்த ஒரு நிமிஷத்தை நான் ராத்திரியில் பல தடவை பார்த்துவிட்டேன். எங்கே அவர் என்று யாராவது கேட்பார்கள், யாராவது கண்ஜாடை காட்டுவார்கள், ஒன்றுவிட்ட முறையில் ஒருத்தரைப் பிடித்துத் தள்ளி நிறுத்துவார்கள், கீர்த்திகா குனிந்துகொள்வாள். ஊரே சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாலும் தாங்குவேன், அந்தப் பிள்ளை குனிகிற குனிவை என்னால் பார்க்க முடியாது. சின்னதாக இருக்கும்போது பூபதியின் தோளில் உட்கார்ந்துதான் தேர் பார்த்தாள், என் தோளுக்கு வரவே மாட்டாள், கிரீஸ் நாறுது என்பாள். சரி, போய்ப் பேசித் தொலைக்க வேண்டியதுதானே. எப்படித் தொடங்குவது. இரண்டு வருஷம் மூடிக் கிடந்த வாயில் முதல் வார்த்தையாக எது வரும். வாப்பா என்றா, ஏன்டா போனாய் என்றா. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு நின்றுவிடுகிறது, மேற்கொண்டு ஓட மாட்டேன் என்கிறது.

அங்கே அவன் பானெட்டைத் திறக்காமல் சும்மா வண்டியைச் சுற்றி வருகிறான். மக்காச்சோள லோடு, மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கியிருக்கிறது, ஏதோ கோழிப்பண்ணைக்குத்தான் இருக்கும். வேறு மெக்கானிக்கைப் போனில் கூப்பிடப் போகிறானா. கூப்பிடட்டுமே. என் பட்டறைக்கு நேர் எதிரே, என் கண் முன்னால், அந்த பைபாஸ்காரன் வந்து இறங்கி என் மச்சினன் வண்டிக்கு அடியில் படுக்கட்டும், அதையும் பார்த்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்றிருந்தால் யார் தடுப்பது. கம்ப்ரசரை அணைத்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, ரோட்டைப் பாதி தாண்டிவிட்டேன். கிளட்ச்தானே, கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம், பார்ப்பதற்குப் பேச்சு எதற்கு. அவன் ஒதுங்கி நின்றான். நாச்சிமுத்து எங்கள் நடுவில் வந்து நின்றுகொண்டான், கல்யாணத் தரகன் மாதிரி அவனுக்கு ஒரு மிடுக்கு. ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். ஆட்டம் சரியாக இருந்தது. இறங்கி ஆயில் பார்த்தேன், கசிவு இல்லை. லீவரில் பிடிமானம் அளந்து பார்த்தேன், புது வண்டி மாதிரி இருக்கிறது. இது எங்கேயோ இடிக்கிறது. காலை மேலேயே வைத்து ஓட்டுகிறவனுடைய கிளட்ச்சா இது. இரண்டு வருஷத்தில் பழக்கத்தை மாற்றிக்கொண்டானா, அல்லது எப்போதோ ஒரு காலத்தில் பார்த்ததை வைத்துக்கொண்டு நான்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேனா. இருக்கட்டும், அது இப்போது எதற்கு. ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி கியர் போடச் சொல்லு என்று நாச்சிமுத்துவிடம் சொன்னேன். ஸ்டார்ட் ஆனது. அருமையாக ஓடியது, ஒரு குறை சொல்ல முடியாது. கியர் விழுந்தது. இன்ஜின் நின்றது. முக்கவில்லை, குலுங்கவில்லை, இருமவில்லை. விளக்கை அணைத்த மாதிரி நின்றது.

எனக்கு நாச்சிமுத்து மேல் வந்த கோபம் இருக்கிறதே. மூச்சு முட்டுதுன்னு அவன் சொன்னானா என்றேன். நாச்சிமுத்து தலையைச் சொறிந்தான். அவர் வேற மாதிரித்தானுங்க சொன்னாரு என்றான். என்ன மாதிரி. சொல்ல மாட்டேன் என்கிறான், துண்டை உதறுகிறான், பால் சட்டியைத் திரும்பிப் பார்க்கிறான். அதட்டியதும்தான் வந்தது.

“நல்லா ஓடிட்டு இருக்கறப்பவே பொட்டுன்னு போயிருதுன்னாருங்க. கண்ணாலம் வெச்சிருக்கற ஊட்டுக்காரருகிட்ட வந்து, பொட்டுன்னு போயிருச்சுன்னு எந்த வாயிலங்க சொல்றது? அதான் மாத்திச் சொன்னேன்.”

அடப்பாவி. அவன் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கல்யாண வீட்டில் விளக்கை அணை என்றுகூடச் சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். நல்ல எண்ணத்தில் ஒரு சொல்லை மாற்றினான், ஒரு கியர்பாக்ஸை இறக்க வைத்திருப்பான். ஆனால் உறுத்தியது அது இல்லை. பூபதி சரியாகச் சொல்லியிருக்கிறான். என்னிடம் வேலை கற்றவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாகச் சொன்னது கிடையாது. நான்தான் கட்டில், தூக்கம் என்று ரோட்டுக்கு உரை நிகழ்த்திக்கொண்டிருந்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு சக்கரத்தோடு பேசிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்கலாமா என்று நினைத்தேன், பார்க்கவில்லை, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டேன். அடியில் இருப்பது எனக்கு எப்போதுமே சௌகரியம். இங்கே யாருக்கும் மரியாதை செய்ய வேண்டாம், யாரும் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சூடு, டீசல் வாசனை, மேலே மக்காச்சோளத்தின் பாரம். இன்ஜின் சட்டென்று நிற்கிறது என்றால் பம்ப்பில் இருக்கிற வால்வுக்குக் கரண்ட் போகவில்லை. சாவியைத் திருப்பினால் கரண்ட் போய் அது டீசலைத் திறந்துவிடும், கரண்ட் அறுந்தால் மூடிக்கொள்ளும். திறக்கும்போதும் மூடும்போதும் டிக் என்று ஒரு சின்னச் சத்தம், நகத்தால் தகரத்தைச் சுண்டியது மாதிரி. இன்ஜின் ஓடினால் அது கேட்காது. ஓடாமல், சாவியை மட்டும் போட்டு, கியரை மட்டும் அசைத்தால் கேட்கும். கியரை அசைக்கும்போது அந்த டிக் வந்தால், லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற கியர் ராடில் எங்கேயோ ஒயர் மாட்டியிருக்கிறது. கதை முடிந்தது. எனக்கு இப்போதே தெரியும், கேட்டு ருசி பார்ப்பதுதான் பாக்கி. நாச்சிமுத்து என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். பால் பொங்கி அடுப்பில் ஊற்றுகிற சுரீர் சத்தமும், ரோட்டைத் தாண்டி ஓடுகிற செருப்புச் சத்தமும்தான் வந்தது.

மேலே கேபினில் அவன் இருக்கிறான், கீழே நான் இருக்கிறேன். நடுவில் யாரும் இல்லை. சொல்லாமல் விட்டால் அவன் பாட்டுக்கு இன்னொரு தரம் ஸ்டார்ட் செய்து பார்ப்பான், நான் கையை ராடுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், கியரில் கிடந்து வண்டி ஒரு முழம் நகர்ந்தால் போதும். புதன்கிழமை பெண்ணுக்குத் தாய்மாமன் மட்டுமா இல்லாமல் போவான்.

“பூபதி, சாவியை மட்டும் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாதே. கிளட்ச் மிதிச்சு கியரைப் போட்டுப் போட்டு எடு, மெதுவா.”

சாவி திரும்பியது. வால்வு டிக் என்றது. கியர் விழுந்தது, டிக். எடுத்தான், டிக். போட்டான், டிக். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன் என்பதே அப்புறம்தான் உறைத்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை. மாதக்கணக்காக உருட்டிப் பார்த்தும் கிடைக்காத முதல் வார்த்தை இவ்வளவுதானா, சாவியை மட்டும் திருப்பு என்பதுதானா. கையை உள்ளே விட்டு ராடு நெடுகத் தடவிக்கொண்டே போனேன். கிடைத்தது. ஒயர்க் கொத்தை ஒரு நைலான் பட்டை, டேக் என்போம், அதைப் போட்டு கியர் ராடோடு சேர்த்து இறுக்கியிருக்கிறது. ஒவ்வொரு தரம் கியர் மாற்றும்போதும் ராடு ஒயரையும் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. ஆயிரம் இழுப்பு, பத்தாயிரம் இழுப்பு. மேலே உறை அப்படியே இருக்க உள்ளே கம்பி அறுந்து, நியூட்ரலில் முனையோடு முனை தொட்டுக்கொண்டும் கியரில் பிரிந்துகொண்டும் கிடக்கிறது. ஒயரை அசையாத சேசிஸ் சட்டத்தில் கட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் வருஷப் பாடம். அசைகிற ராடில் எந்த மடையன் கட்டுவான். கட்டியவன் யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை, கியர்பாக்ஸ் போல்ட் எல்லாவற்றிலும் மஞ்சள் பெயின்ட் வைத்திருக்கிறான், பைபாஸ்காரனின் அடையாளம். கியர்பாக்ஸை ஏற்றும்போது ஒயர் குறுக்கே வந்திருக்கும், அவசரத்தில் பக்கத்தில் இருந்ததோடு சேர்த்து ஒரு கட்டு.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு வருஷம் சோற்றிலும் தூக்கத்திலும் நான் தேடிக்கொண்டிருந்தது இந்த டேக் தான். கட்டரால் நறுக்கிக் கையில் எடுத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியது வாயில் தயாராக நிற்கிறது, ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். பார்த்தியா, உன் பைபாஸ் மாமன் கட்டி அனுப்பின சீரு, இதுக்குத்தானே என் வாசலைத் தாண்டிப் போனே. இதை நாச்சிமுத்து கேட்கும்படி சொல்ல வேண்டும், டீக்கடையில் நிற்கிற நாலு பேரும் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொன்னால் அவனால் ஒரு பதில் பேச முடியாது. நியாயம் முழுக்க என் பக்கம், கையில் சாட்சி. கேபின் கதவு திறந்து இரண்டு கால் இறங்கியது. குந்தி உட்கார்ந்தான். சக்கரத்துக்குப் பக்கத்தில் அவன் முகம் சாய்ந்து தெரிந்தது. மீசை நரைத்துவிட்டதே, எப்போது நரைத்தது. மூக்கும் தாடையும் அப்படியே கலாமணி. அந்த முகத்தில் ஒன்று இருந்தது, எனக்கு நன்றாகப் பழக்கமானது, என்னிடம் வண்டி கொண்டுவருகிற எல்லோர் முகத்திலும் நான் பார்த்திருப்பது, பார்த்தும் என்னவென்று யோசிக்காதது. அடி விழப்போகிறது என்று தெரிந்து தோளை இறுக்கிக்கொண்டவன் முகம். அவன் என் கையைப் பார்த்தான். கையில் டேக் இருந்தது.

“என்னங்க மாமா?”

மாமா என்றான். வாயில் நின்றதை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று விழுங்கியவனுக்குத்தான் தெரியும். நெஞ்சில் மீன் முள் மாதிரி இறங்கியது.

“எலி கடிச்சிருக்குது மாப்ள.”

அவன் ஒயரைப் பார்த்தான். மறுபடியும் டேக்கைப் பார்த்தான். அதைக் கட்டும்போது அவன் பக்கத்திலேயே நின்றிருப்பான், வண்டியை விட்டு நகர்கிற ஆள் இல்லை. நான் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து தலையை அடியில் விட்டான். அப்புறம், மக்காச்சோளம் ஏத்தறமுங்களே மாமா, எலி வரத்தானே செய்யும் என்றான். நானும் ஆமாம், இந்தப் பக்கம் எலி ஜாஸ்தி என்றேன். இரண்டு பேரும் ஒரு லாரிக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு எலியைப் பற்றி அவ்வளவு அக்கறையாகப் பேசினோம்.

புது ஒயர் போட்டு முறுக்கி, டேப் சுற்றி, சேசிஸில் கட்டினேன். அவன்தான் டேப் பிடித்தான். ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டான், நிற்காமல் ஓடியது. ரிவர்ஸ் போட்டான், நிற்காமல் ஓடியது. நாச்சிமுத்து அங்கிருந்தே கை தட்டினான். நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். இப்போது விட்டால் வண்டி போய்விடும். புதன்கிழமை நம்ம புள்ளைக்குக் கல்யாணம், உனக்குத் தெரிந்திருக்கும், பத்திரிகை பட்டறையிலேயே இருக்குது, ஒரு நிமிஷம் இரு, கையைக் கழுவிட்டு எடுத்துட்டு வந்து தந்துடறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சொல்லும்போது குரல் என்னுடையது மாதிரி இல்லை. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தான்.

“இங்க வேண்டாமுங்க மாமா. பட்டறையில குடுத்தா டிரைவருக்குக் குடுத்த மாதிரி ஆயிரும். லோடு எறக்கிட்டு சாயங்காலம் ஊட்லதான் இருப்பேன். அக்காவைக் கூட்டிட்டு வந்து, தாய்மாமனுக்கு வெக்கற மாதிரி வைங்க.”

வண்டியை எடுத்துவிட்டான். எவ்வளவு திமிர் பாருங்கள், பழுது பார்த்துக் கொடுத்தவனையே வீட்டு வாசலுக்கு வரச் சொல்லிவிட்டுப் போகிறான். திட்டிக்கொண்டேதான் ரோட்டைத் தாண்டினேன், கண் கலங்கியதில் எதிரே வந்த பஸ்கூடச் சரியாகத் தெரியவில்லை. போனை எடுத்துக் கலாமணியைக் கூப்பிட்டு, தட்டுல வெத்தலை பாக்கு, தேங்காய் பழம் எல்லாம் எடுத்து வை, சாயங்காலம் உன் தம்பி வீட்டுக்குப் போறோம் என்றேன். அவள் எப்படி, என்ன, யார் பேசினது என்று எதுவுமே கேட்கவில்லை. அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பிறகு குழாயை மூடினாள்.

“சீயக்காய் போட்டுக் கையைத் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க,” என்றாள். “கிரீஸ் கையோட தட்டைத் தொட விட மாட்டேன்.”